நான்கு நிமிடம் தாங்க மாட்டார்

மார்ச் 3

குட்டிக்கு,

உன் கட்டுரையைப் பல் மருத்துவரின் வரவேற்பறையில் வைத்துப் படித்தேன். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, பஞ்சை வைத்து, அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று உட்கார வைத்திருந்தார்கள். உன் நல்ல காலம். இல்லாவிட்டால் அங்கேயே கத்தியிருப்பேன்.

பழைய நட்சத்திரங்கள் இன்றைய கூடைப்பந்தில் தேறுவார்களா என்று பத்திரிகைக்காரர்கள் உன்னைக் கேட்டிருக்கிறார்கள். கேட்கட்டும். நீயும் பெரிய மனுஷியாகிவிட்டாய். ஒரு கிளப் அணிக்கு வீடியோ பார்த்து ஆட்டத்தை அலசிச் சொல்பவர் என்று உன் படத்துக்குக் கீழே போட்டிருக்கிறார்கள். துறைமுக அணியின் இடதுகைக்காரி இன்றும் ஜொலிப்பாள் என்கிறாய். சரி, அவள் கை அப்படி. வங்கி அணியில் எம்பி எம்பிக் குதிப்பாளே ஒருத்தி, அவளும் தேறுவாளாம். அதுவும் சரி. "ஒரு பருவம் பயிற்சி கிடைத்தால் நானும் ஒப்பேற்றிவிடுவேன்" என்று உன்னையும் சேர்த்துக்கொண்டிருக்கிறாய். அடக்கம் வழிகிறது.

அப்புறம் நான். "எங்கள் தொலைபேசி நிலைய அணியின் நடு ஆட்டக்காரரை வளையத்துக்கு அடியிலிருந்து யாராலும் அசைக்க முடியாது. அன்று அது பலம். இன்று அதே காரணத்தால் அவர் நான்கு நிமிடம் தாங்க மாட்டார்."

யாரிடமும் கேட்காமல் அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டேன். அறுபத்து மூன்று வயதில் திருட்டு.

உன் அண்ணன் இருந்திருந்தால், "விடும்மா, சின்னப் பொண்ணு, ஏதோ எழுதிட்டா" என்று உனக்குத்தான் பரிந்து பேசியிருப்பார். அவர் போய் ஆறு வருடம். காரியத்துக்கு வந்தவள் வாசலில் நின்று பேசிவிட்டுப் போனாயே, அதுதான் நாம் பேசிய கடைசிப் பேச்சு. நம்பரையும் மாற்றிவிட்டாய். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தே சம்பளம் வாங்கிய இரண்டு பேர், ஒருத்தி நம்பர் இன்னொருத்தியிடம் இல்லாமல் கிடக்கிறோம். அதனால்தான் பத்திரிகை அலுவலகம் மூலமாக இந்தக் கடிதம். இதில் ஒரு வசதி, பாதியில் நீ போனை வைத்துவிட முடியாது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மூன்று நிமிடம் என்றால் புரிகிறது. ஐந்து என்றாலும் புரிகிறது. அதென்ன நான்கு?

அண்ணி


மார்ச் 19

அண்ணிக்கு வணக்கம்.

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். என் மேஜையில் நான்கு திரைகள் இருக்கின்றன, பேனா ஒன்றுகூட இல்லை. வரவேற்புப் பெண்ணிடம் கடன் வாங்கினேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி. நான் எழுதியது கணக்கு. நாம் ஆடியபோது மூன்று புள்ளிக் கோடு நம் மைதானத்துக்கு வந்திருக்கவில்லை. எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டுதான். அதனால் எல்லோரும் பந்தை வளையத்துக்குப் பக்கத்தில் கொண்டுவரப் பார்த்தார்கள், அங்கே நீங்கள் கதவை அடைத்துக்கொண்டு நின்றீர்கள். இன்று அப்படி யாரும் வருவதில்லை. எதிரணியின் உயரமான பெண்ணே கோட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டு மூன்று புள்ளி போடுகிறாள். அவளைத் தடுக்க நீங்களும் வெளியே வர வேண்டும். வந்தால் அடுத்தவள் உங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடிவிடுவாள். உங்கள் கால் அதற்கு ஈடுகொடுக்காது. வராமல் நின்றால் மூன்று மூன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். நாலாவது நிமிடம் பயிற்சியாளர் உங்களை பெஞ்சுக்குக் கூப்பிட்டுவிடுவார். யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கோபத்தில் எழுதியதல்ல.

பொய். கோபத்திலும்தான்.

நான்கு என்று ஏன் எழுதினேன் என்று உங்களுக்குத் தெரியும். அண்ணனுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று மருத்துவர் உங்களிடம் சொன்னது திங்கட்கிழமை. உங்கள் போன் எனக்கு வந்தது வியாழக்கிழமை காலை. முந்தின நாள்தான் நாங்கள் ஃபைனல் ஜெயித்திருந்தோம். கோப்பையோடு படம் எடுக்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். "உங்க அண்ணன் போயிட்டாரு குட்டி" என்றீர்கள். அவ்வளவுதான். நான்கு நாள். அதுவரை என்னிடம் சளி, இருமல், பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

எனக்கென்று இருந்த ஒரே ஆள் அவன். அப்பா அம்மா போன பிறகு எனக்கு ஷூ வாங்கித் தந்தவன். அவன் உயிரோடு இருந்த நான்கு நாளை நீங்கள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள். வாசலில் அன்றைக்குக் கேட்டேன். நீங்கள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள், பதில் சொல்லவில்லை. இன்றும் கேட்கிறேன்.

நாத்தனார்


ஏப்ரல் 2

குட்டிக்கு,

கையெழுத்துப் போடும் இடத்தில் 'நாத்தனார்' என்று எழுதியிருக்கிறாய். உறவுமுறையைச் சொல்லி அடிக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து வருடம் என்னை 'ஏணிக்கா' என்று கூப்பிட்டவள் நீ. உன் தயவில்தான் எனக்கு அந்தக் கல்யாணமே நடந்தது. உனக்கு டிபன் பாக்ஸ் கொண்டுவந்த பஸ் டிப்போ மெக்கானிக், என் தோளுக்கு மேல் கொஞ்சம் இருப்பார், நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கு மேல காத்து நல்லா வருமா?" என்று கேட்டார். அதோடு நான் விழுந்தேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. திட்டாதே.

ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். உன் கடிதம் வந்ததிலிருந்து டிவியில் எல்லா ஆட்டத்தையும் பார்க்கிறேன். நீ சொன்னது உண்மைதான். நடுவில் நிற்க இப்போது ஆளே தேவையில்லை. வளையத்துக்கு அடியில் ஒரு வீடு கட்டும் அளவுக்கு இடம் காலியாகக் கிடக்கிறது. வர்ணனை செய்கிற ஆளோடு உட்கார்ந்து சண்டை போடுகிறேன். அவர் பதில் சொல்வதில்லை என்றாலும் பேச்சுத் துணைக்கு ஒரு குரல். நேற்று யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்க நான் மனுஷர்களிடம் பேசியது ஒரே வாக்கியம். மருந்துக் கடையில் "சில்லறை இருக்கு" என்றேன்.

ரோஷம் விடவில்லை. நகராட்சிப் பூங்காவில் ஒரு கூடைப்பந்து மைதானம் இருக்கிறது. காலையில் ஆறரைக்குப் போகிறேன். பந்து ஒன்று வாங்கினேன். மூன்று புள்ளிக் கோட்டில் நின்று எறிகிறேன். முதல் நாள் ஐம்பதில் ஒன்றும் விழவில்லை, பாதி வளையத்தையே தொடவில்லை. இன்றைக்கு நான்கு. ஆனால் எறிவதைவிட எடுப்பதுதான் வேலை. நம் காலத்தில் எறிந்தால் நீ எங்கிருந்தோ ஓடி வந்து பந்தைத் திருப்பிப் போடுவாய். இப்போது எறிந்துவிட்டு நானே நடந்துபோய் வேலியோரம் கிடப்பதை எடுத்துக்கொண்டு மறுபடி கோட்டுக்கு வர வேண்டும். ஐம்பது எறிந்தால் ஐம்பது நடை. முட்டி பிடித்துக்கொள்கிறது.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். நான்கு நிமிடம் தாங்க மாட்டேன். மூன்றே அதிகம்.

ஒரு சந்தேகம். எதைப் பார்த்து என்னை எடைபோட்டாய்? ஞாபகத்தை வைத்தா, இல்லை நம் ஆட்டம் ஏதாவது உன்னிடம் இருக்கிறதா?

அண்ணி


ஏப்ரல் 21

அண்ணிக்கு,

நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. இவ்வளவு நல்ல கேள்வியாக இருந்திருக்க வேண்டாம்.

நம் நிலையத்து டெக்னீஷியன் கேமரா இரவல் வாங்கி எடுத்த கேசட் ஒன்று இருக்கிறது. துறைமுக அணியோடு நாம் ஆடிய கடைசி ஆட்டம். அதைக் கணினிக்கு மாற்றி மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் கட்டுரை எழுதினேன். உங்கள் ஒவ்வொரு அடியையும் எண்ணினேன். இன்று மூன்று புள்ளிக் கோடு இருக்கும் இடத்துக்கு வெளியே முழு ஆட்டத்திலும் நீங்கள் வந்தது ஏழு முறை.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. வீடியோவைச் சத்தம் இல்லாமல்தான் பார்ப்போம். கூட்டத்தின் ஆரவாரம் கண்ணை ஏமாற்றிவிடும், சாதாரண ஷாட்கூடப் பிரமாதமாகத் தெரியும். அறைக்குள் நுழைந்ததும் விளக்கைப் போடுகிற மாதிரி, சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் உட்காருவேன். இருபது வருடப் பழக்கம். இதையும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்துக்குப் பிறகு மறுபடி போட்டேன். ஏன் என்று தெரியவில்லை, சத்தத்தையும் வைத்தேன்.

அண்ணி, அந்த ஆட்டம் முழுக்க ஒரே குரல்தான் கேட்கிறது. "குட்டி, இடது பக்கம் ஒருத்தி நிக்கிறா! இடிச்சுக்காதே! வலது வா! பின்னாடி நான் பார்த்துக்கறேன், நீ போ! நீ போ!" நாற்பது நிமிடமும் வாய் ஓயவில்லை. எனக்கு முதுகுப் பக்கம் நடப்பது எனக்குத் தெரியாது. என் வழியை மறிக்க எதிரணிப் பெண் வந்து சுவர் மாதிரி நிற்பாள், நான் பார்க்காமல் போய் மோத வேண்டும், அதுதான் அவர்கள் திட்டம். ஒரு தடவைகூட நான் மோதவில்லை. ஒவ்வொரு தடவையும் உங்கள் குரல் அரை நொடி முன்னால் வருகிறது. நான் என்னமோ எனக்குப் பாம்புச் செவி என்று இத்தனை வருடம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

இதை எங்கள் அணிப் பெண்களுக்குப் போட்டுக் காட்டினேன். பயிற்சியாளர் எழுந்து வந்து, "யாருங்க இது? இப்படிப் பேசுற ஆளைத் தேடித்தான் ரெண்டு வருஷமா அலையறேன்" என்றார். இன்றைக்கு ஆட்டம் வேகம். அதனால் பின்னாலிருந்து பேசுகிறவளுக்கு மதிப்பு முன்னைவிட அதிகம். கால் மெதுவாக இருந்தாலும் வாய்க்காகவே உங்களை வைத்துக்கொள்வார்கள். பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பிவிட்டேன். நான்கு நிமிடம் என்பது தவறு, இருபது நிமிடம் தாராளமாக ஆடுவார் என்று. போடுகிறார்களோ இல்லையோ.

சந்தோஷமாக முடிக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, அறையில் யாரும் இல்லாததால் அழுதேன். எனக்குப் பின்னால் என்ன வருகிறது என்று நாற்பது நிமிடம் தொண்டை கிழியக் கத்தியவர் நீங்கள். அந்த நான்கு நாள் மட்டும் ஏன் வாயைத் திறக்கவில்லை?

குட்டி


மே 5

குட்டிக்கு,

பெயரைச் சரியாகப் போட்டதற்கு நன்றி. இதைப் படித்த பிறகு மறுபடி மாற்றிக்கொண்டாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை மருத்துவர் சொன்னது உண்மை. ஒரு வாரம், பத்து நாள் தாங்குவார் என்றார். வீட்டுக்குக் கூட்டிவந்து முன்னறையில் கட்டிலைப் போட்டேன். உனக்கு ஃபைனல் புதன்கிழமை. நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். புதன் ஆட்டம் முடியட்டும், வியாழன் காலை சொன்னால் வெள்ளிக்கிழமை வந்துவிடுவாள், அப்போதும் ஐந்தாறு நாள் அண்ணனோடு இருப்பாள். இத்தனை வருடம் உழைத்து முதல் தடவை ஒரு ஃபைனலுக்கு அணியைக் கொண்டுவந்திருக்கிறாள், அதைக் கெடுக்கக் கூடாது என்று நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை. எல்லாம் எனக்குத் தெரியும் என்ற திமிர்.

இது வரைக்கும் நீயே ஊகித்திருப்பாய். மீதியை நான் யாரிடமும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் அவர் கேட்டார். "குட்டிக்குச் சொல்லிட்டியா?" நான், "சொல்லிட்டேன். கிளம்பிட்டா" என்றேன். அவர் நிம்மதியாக இருக்கட்டும் என்று வாயில் வந்துவிட்டது. அவர் சிரித்தார். அந்த நிலையில் சிரித்தார். "ஃபைனலை விட்டுட்டா வர்றா? பைத்தியக்காரி" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க வந்தபோது அவரிடமும் சொன்னார். "என் தங்கச்சி ஃபைனலை விட்டுட்டு வந்துட்டிருக்கா சார்." மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் எப்படி உண்மையைச் சொல்வேன்? உன்னைக் கூப்பிடவும் பயம். கூப்பிட்டால் நீ அவரோடு பேச வேண்டும் என்பாய். பேசினால் நீ இன்னும் கிளம்பவில்லை என்று தெரிந்துவிடும். ஒரு பொய்யைக் காப்பாற்ற உன்னை எட்ட வைத்தேன். செவ்வாய், "எங்க வந்திருக்கா?" என்று கேட்டார். பாதி தூரம் என்றேன். புதன், "இன்னுமா?" என்றார். ரயில் தாமதம் என்றேன். வியாழன் காலை ஏழு மணிக்கு வாசலில் ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். நான் தொட்டபோது போயிருந்தார்.

வாசலில் நீ, "நாலு நாள், ஒரு வார்த்தை சொல்லலையே அண்ணி" என்று கத்தியபோது நான் பேசாமல் நின்றது அதனால்தான். நீ கேட்டது சின்னக் குற்றம். நான் செய்தது அதைவிடப் பெரிது. அவர் உனக்காகக் காத்திருந்தார், குட்டி. காக்க வைத்தவள் நான்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை இருப்பதாகத் தோன்றவில்லை. தெரிந்திருக்க வேண்டியது உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணி


மே 20

குட்டிக்கு,

பதில் வரவில்லை. வராது என்று தெரிந்தும் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். மின்சார பில்லும், பல் மருத்துவர் மறுபடி வரச் சொன்ன அட்டையும்தான் இருக்கின்றன.

மைதானத்துக்கு இப்போது போவதில்லை.

திட்டியாவது எழுது.

அண்ணி


ஜூன் 16

அண்ணிக்கு,

ஆறு வாரமாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். முதல் இரண்டு வாரம் எழுதியிருந்தால் நீங்கள் படிக்கத் தகுந்ததாக இருந்திருக்காது.

கோபம் போகவில்லை. போகும் என்று வாக்குக் கொடுக்கவும் மாட்டேன். வாசலைப் பார்த்தபடி அவன் போனதை எழுதினீர்களே, அதை நான் தினமும் பார்க்கிறேன். வேலை செய்யும்போதுகூட. திரையில் யாராவது கதவுப் பக்கம் திரும்பினால் அங்கேயே நிறுத்திவிடுகிறேன். சத்தம் இல்லாமல் இருக்கிறது, நிறுத்த முடிகிறது. மனதுக்குள் ஓடுவது அப்படி நிற்கவில்லை.

ஆனால் இன்னொன்றும் யோசித்தேன். மூன்று நாள் அவன் என்னை வந்துகொண்டிருப்பவளாக நினைத்திருக்கிறான். அந்த மூன்று நாளும் என்னைப் பற்றித்தான் பேசியிருப்பான், எனக்குத் தெரியும் அவனை. அதையெல்லாம் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். ஆறு வருடமாக நீங்கள் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது எனக்குச் சேர வேண்டியது.

அவன் சொன்னதை எல்லாம் எழுதுங்கள். நல்லதாக ஜோடிக்க வேண்டாம். எனக்கு அழகான வார்த்தை தேவையில்லை. என்ன சொன்னானோ அது.

குட்டி


ஜூன் 24

குட்டிக்கு,

பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. மூச்சு வாங்கியது, சின்னச் சின்னதாகத்தான் பேசினார். ஜோடிக்காமல் எழுதுகிறேன்.

"ரயில்ல கீழ் பெர்த் கிடைச்சிருக்குமா அவளுக்கு?"

"வந்ததும் அழுவா. நீ சேர்ந்து அழாதே. ரெண்டு பேரையும் சமாளிக்க எனக்கு ஆகாது."

செவ்வாய்க்கிழமை தாடியை மழித்துவிடச் சொன்னார். "அவ பார்த்தா பயந்துடுவா." எனக்குப் பழக்கமில்லை, மோவாயில் வெட்டிவிட்டேன். "நீ பந்து போடற லட்சணம்தான் இதுலயும்" என்றார்.

உன் எட்டாவது வகுப்பில் நீ யாரையோ அடித்ததற்கு இவர் போய் மன்னிப்புக் கேட்டாராம். அடித்தது நீதானா என்று உன்னிடம் கேட்க மறந்துவிட்டதாம். வந்ததும் கேட்க வேண்டும் என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, சமையலறையைக் கைகாட்டினார். நம் வீட்டில் எல்லாம் என் உயரத்துக்கு ஏற்றபடி மேல்தட்டில்தானே இருக்கும். காப்பித்தூள், சர்க்கரை, டம்ளர், எல்லாம். "அவளுக்கு எட்டாது. ஸ்டூலைத் தேடிக்கிட்டு நிப்பா. அவ வர்றதுக்குள்ள எல்லாத்தையும் கீழ எடுத்து வை" என்றார். பொய் சொன்னவள் என்றாலும் எடுத்து வைத்தேன். கட்டிலில் படுத்தபடி, இது இங்கே, அது அங்கே என்று அவர்தான் இடம் சொன்னார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்ன வேலை.

காரியத்துக்கு வந்தவள் வாசலோடு போய்விட்டாய். நீ உள்ளே வரவில்லை.

எல்லாம் இன்னும் கீழேதான் இருக்கிறது. ஆறு வருடமாகத் தினமும் குனிந்துதான் டம்ளரை எடுக்கிறேன்.

அண்ணி